மேல் வீட்டுத் தண்ணீர்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் பதினொரு ஓட்டைகள். 3 இஞ்ச் பிவிசி குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, சுவர் கட்டும்போதே உள்ளே வைத்துப் பூசியவை. மழைக்காலத்தில் பதினொன்றும் ஒழுகும். பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொன்றாக நின்று, மாசி பாதிக்குள் சுவர் காய்ந்து வெளுத்துவிடும். இந்த வருஷம் பங்குனி பிறந்த பிறகும் இடப்பக்கமிருந்து நாலாவது குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே நாக்கு மாதிரி ஒரு பாசி. பாசிக்கு நடுவே சுருட்டிக்கொண்டு இரண்டு பெரணிக் குருத்து. விரலை நனைத்து முகர்ந்து பார்த்தேன். துணி சோப்பு வாசனை.

மேல் வீட்டு அண்ணன் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வந்து போயிருந்தார். அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் சுருட்டிய பிளான் பேப்பர். "பின்னாடி ரெண்டு ரூம் எடுக்கலாம்னு இருக்கோம்மா. அட்டாச்டு பாத்ரூமோட. பையனுக்கு ஆவணியில முடிக்கலாம்னு பேச்சு. கொஞ்ச நாள் சத்தமும் தூசியுமா இருக்கும், பொறுத்துக்கோங்க." நல்ல விஷயம்தானே அண்ணா என்று காபி கொடுத்து அனுப்பினேன். அவர் படியேறிப் போனபிறகுதான் உறைத்தது. அவருக்குப் பின்பக்கம் என்றால் எனக்கு உச்சந்தலை.

குன்னூரில் சரிவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சமவெளிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். ரோடு மேலே. ரோட்டை ஒட்டி அண்ணன் வீடு. அவர் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து மீட்டர் வெற்றிடம். அதில் துணிக்கொடி, கொய்யா மரம், மேரக்காய்ப் பந்தல் (உங்கள் ஊரில் சௌசௌ). அந்த வெற்றிடம் முடிகிற இடத்தில் மண் செங்குத்தாக 12 அடி இறங்குகிறது. அந்த 12 அடியைத்தான் எங்கள் தடுப்புச் சுவர் தாங்குகிறது. சுவருக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவே 5 அடிச் சந்து. எங்கள் வீட்டுக்கு முன்னால் மறுபடி ஒரு இறக்கம், அதற்குக் கீழே தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் வீடு. எங்கள் தெருவே ஒரு படிக்கட்டுதான், ஒவ்வொரு படியிலும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது.

மேரக்காய்க் கொடிக்கு வேர் அவர் நிலத்தில். காய்ப்பதில் பாதி எங்கள் சந்தில். பதின்மூன்று வருஷமாக அதைப் பற்றி ஒரு பேச்சு வந்ததில்லை.

முதலில் எனக்கு வந்த கவலை வெயில். எங்கள் சரிவு வடக்குப் பார்த்தது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அதாவது மேலே அண்ணன் வீட்டுப் பக்கம். அந்த மாதத்தில் காலை ஒன்பது மணிக்கு ஒரு அடிக் குச்சிக்கு ஒன்றே முக்கால் அடி நிழல் விழும் என்று பிளஸ் டூ படிக்கிற என் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். மேலே ஒரு மாடி உயரத்துக்குச் சுவர் எழும்பினால் எங்கள் மொட்டை மாடியில் காலைத் துணி காயாது. மலையில் மார்கழி மாதம் ஒரு ஜீன்ஸ் பேண்ட் காய நாலு நாள் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்பது புரியும். ஆனாலும் துணிக்கொடிக்காக ஒருத்தர் மகனுக்கு அறை கட்டாமல் இருக்க முடியுமா? அந்த வழக்கில் நானே தீர்ப்புச் சொல்லித் தோற்றுக்கொண்டேன்.

தண்ணீர் அப்படி இல்லை.

2009 நவம்பரில் நாங்கள் கேத்தியில் வாடகைக்கு இருந்தோம். 10ஆம் தேதி கணக்கில் கேத்தியில் ஒரே நாளில் பதிவான மழை 82 செ.மீ. சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 140 செ.மீ.தான் என்று வைத்துப் பாருங்கள். அன்று ராத்திரி கரண்ட் இல்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. இடி இல்லை. பெரிய பீரோவைத் தரையோடு இழுப்பது மாதிரி. காலையில் பார்த்தால் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி, சமையலறை இருந்த இடத்தில் செம்மண். அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் முன்னறையில் தூங்கியிருக்கிறார்கள். மாவட்டம் முழுக்க அந்த மூன்று நாளில் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

எங்கள் ஊரில் வயதானவர்கள் வருஷத்தை நவம்பராலேயே எண்ணுவார்கள். 78 நவம்பர், 93 நவம்பர், 2009 நவம்பர். 93-இல் மேட்டுப்பாளையம் ரோட்டில் மரப்பாலத்தில் மலை இறங்கி, ரோட்டில் இருந்தவர்களையும் வாரிக்கொண்டு போனது. நான் பிறந்து வளர்ந்தது பந்தலூர்ப் பக்கம். எல்லை தாண்டினால் வயநாடு. 2024 ஜூலை 30 விடியற்காலை அங்கே சூரல்மலையில் மலை இறங்கியதற்குப் பிறகு என் அம்மா மழை ராத்திரிகளில் உட்கார்ந்தே தூங்குகிறாள்.

மண் ஏன் இறங்குகிறது என்பதற்கு நான் பெரிய படிப்பு படிக்கவில்லை. எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது கண்ணால் பார்த்தது போதும். மேலே ஒரு முழம் கருப்பு மண், தேயிலை வேர் பின்னிக் கிடந்தது. அதன் கீழே ஆள் உயரத்துக்குச் செம்மண். அதற்கும் கீழே வெளுத்த மாதிரி ஒரு களி. கையில் எடுத்து ஈரப்படுத்தினால் சோப்புக்கட்டி போல வழுக்கும். செம்மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போகும். அந்தக் களி குடிக்காது. தண்ணீர் அங்கே போய்த் தேங்கும். செம்மண் கனத்துக்கொண்டே வரும், அடியில் வழுக்கிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு ராத்திரி போதும். இது போதாதென்று நாம் கீழே வீடு கட்டுவதற்காகச் சரிவின் பாதத்தை வெட்டி எடுத்துவிடுகிறோம். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மனை போடுகிறோம்.

தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்கும் என்பது பாதி உண்மை. மண்ணை ஓரளவு தாங்கும். மண்ணுக்குள் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. அதனால்தான் அந்தப் பதினொரு ஓட்டைகள். சுவருக்கு முதுகுப்பக்கம் ஒரு அடிக்குச் சல்லி போட்டு நிரப்பச் சொன்ன மேஸ்திரியை அன்றைக்குக் காசு பிடுங்குகிறார் என்று திட்டினேன். இப்போது அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.

மழைத் தண்ணீர் வருஷத்துக்குச் சில மாதம் வரும், போகும். செப்டிக் டேங்க் தண்ணீர் தினம் வரும். எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் சிமெண்ட் ரிங் இறக்கி, அடியைத் திறந்து விட்டுவிடுவதுதான் பழக்கம். சமவெளியில் அது கீழே போகும். சரிவில் பக்கவாட்டில் போகும். பக்கவாட்டில் யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். புதிதாக இரண்டு பாத்ரூம், நாலு பேர், ஆளுக்கு நூறு லிட்டர் என்று குறைத்து வைத்தாலும் நாளைக்கு நானூறு லிட்டரை என் சுவரின் முதுகில் ஊற்றப்போகிறார்கள். அண்ணனுக்கு அது தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிந்தது சத்தமும் தூசியும்.

அன்று மதியம் நாலாவது குழாயின் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். 200 மில்லி டம்ளர். நிறைய 26 நிமிஷம் ஆனது. மகன் உடனே சொன்னான்: ஒரு நாளைக்கு 11 லிட்டர். இன்னும் ஒரு கல் கூட வைக்காதபோதே.

வீட்டுக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "மேல இருக்கிறவங்களைப் பகைச்சுக்காதே." வீட்டு உயரத்தைச் சொல்கிறாரா, அந்தஸ்தைச் சொல்கிறாரா என்று கேட்டேன், பதில் இல்லை.

சித்தி மகன் மூலமாக ஊட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். சட்டம் நம் பக்கம் இருக்கும் என்ற தெம்பில் போனேன். 1882-இல் போட்ட ஈஸ்மெண்ட் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறதாம். பத்திரத்தில் வழிநடை பாத்தியம் என்று எழுதுகிறோமே, அந்த வகையறா. அவர் சொன்னார்: "உங்க நிலத்துக்குப் பக்கத்து நிலம் முட்டுக்கொடுத்து நிக்கணும். அது நீங்க எழுதி வாங்க வேண்டாத உரிமை, நிலத்தோடயே பிறந்தது."

எனக்கு முகம் மலர்ந்திருக்க வேண்டும். அவர் கையைத் தூக்கினார்.

"இருங்க. நிலம் இயற்கையா இருக்கிற வரைக்கும்தான். வெட்டாத நிலம், மேல பாரம் ஏத்தாத நிலம். நீங்க வெட்டித்தானே கட்டினீங்க?"

12 அடி வெட்டித்தான் கட்டினோம்.

"கட்டடத்துக்கு முட்டு வேணும்னாலும் சரி, ஜன்னலுக்கு வெளிச்சம் வேணும்னாலும் சரி, 20 வருஷம் இடைஞ்சல் இல்லாம அனுபவிச்சிருக்கணும். உங்களுக்குப் பதின்மூணுதானே ஆகுது? நஷ்டம் ஆனா தாராளமா கேஸ் போடலாம்."

"எப்ப?"

"ஆனதுக்கப்புறம்."

ஃபீஸ் வாங்கவில்லை. அதுவும் ஒரு மாதிரி இருந்தது.

விதிகள் இல்லாமலும் இல்லை. மலை ஊர்களுக்கென்று தனியாக 1993-இல் கட்டட விதிகள் வந்தன. வெகு காலமாக 7 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்று இருந்தது இங்கே பால்காரருக்கும் தெரியும். 1500 சதுர அடி தாண்டினால் கோப்பு ஆட்சியர் வரைக்கும் போகும் என்பதும் தெரியும். அதனால்தான் எங்கள் ஊர் பிளான்களில் பாதி 1490 சதுர அடியில் வந்து நிற்கின்றன. பொக்லைன் இறக்க அனுமதி வேண்டும். மரம் வெட்ட அனுமதி வேண்டும். நிலச்சரிவு அபாயம் உள்ளவை என்று மாவட்ட நிர்வாகம் 283 இடங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. எங்கள் தெரு அதில் இல்லை. ஆனால் அடியைத் திறந்துவிட்ட ஒரு ரிங் குழி கீழ் வீட்டுச் சுவருக்கு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று என் கண்முன்னால் ஒருவரும் டேப் பிடித்து அளந்ததில்லை.

திங்கட்கிழமை பிங்கர்போஸ்ட் போய் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று ஒரு மனு எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன். "மேற்படி நபர்" என்று நாலு இடத்தில் வந்தது. மறுநாள் காலை அந்த மேற்படி நபர் சந்துக்கு மேலே நின்று, "ஏம்மா, உங்க வீட்டு கேஸ் வந்துடுச்சா, சிலிண்டர் வண்டி நிக்குது" என்று கூவினார். மனுவை மடித்து ரேஷன் கார்டு வைக்கிற டப்பாவில் போட்டேன்.

எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் கணக்கெடுத்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் என் தாத்தாவும் ஒருவர். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-இல் ஆரம்பித்ததுதான் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம். நான் வளர்ந்தது அதன் லைன் வீட்டில். பத்து வீட்டுக்கு ஒரே கூரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் மாசிக் கருவாட்டுச் சம்பல் இடித்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கும் முன் நடுச்சுவரைத் தட்டி, "ஆணி அடிக்கிறோம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் காரை உதிரும், அடியில் யாராவது பிள்ளையைக் கிடத்தியிருப்பார்கள். அந்தப் பக்கத்திலிருந்து "ம்" வரும்வரை சுத்தியலைத் தூக்க மாட்டார்கள். ஒரு ஆணிக்கு அந்த மரியாதை. அண்ணனும் தட்டித்தான் சொன்னார். "ம்" சொன்னது நான்தான், காபி வேறு கொடுத்து.

அதனால் அடுத்த ஞாயிறு நானே படியேறிப் போய், "அண்ணா, ஒரு நிமிஷம் எங்க சந்துக்கு வந்து பாக்குறீங்களா" என்று கூப்பிட்டேன். பதின்மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்கு எத்தனையோ முறை வந்தவர், பின்னால் வந்ததே இல்லை. சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். தன் வீட்டுத் துணிக்கொடியில் தொங்கும் தன் சட்டையையே கீழேயிருந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம வீடு இவ்ளோ உசரத்துலயாம்மா இருக்கு?" என்றார்.

டம்ளரை வைத்தேன். போனில் நேரம் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தொழிற்சாலையில் முப்பது வருஷம் அளவுகளோடு புழங்கிய மனிதர். மொத்த 26 நிமிஷமும் அசையவில்லை. முடிந்ததும் முகர்ந்து பார்த்தார். "ரின்" என்றார்.

எல்லாம் அங்கேயே சுமுகமாக முடிந்துவிட்டது என்று நினைத்தால், அண்ணன் வீட்டு அக்காவை, அவர் மனைவியை, மறந்துவிட்டீர்கள். அன்று சாயங்காலமே மேலேயிருந்து குரல் வந்தது. "எங்க வீட்டு அழுக்குத் தண்ணியை டம்ளர்ல புடிச்சு இவருக்குக் காட்டுனியாமே? நாங்க என்ன வேணும்னா விட்டோம்? சரி, உங்க தண்ணி எங்க போகுது? அதை என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கியா நீ?"

கோபத்தில் கேட்டதுதான். ஆனால் என்னிடம் பதில் இல்லை. எங்கள் சமையலறைத் தண்ணீர் முன்பக்கம் சேம்புச் செடிகளுக்குப் போகிறது. சேம்பு நன்றாக வருகிறது. அதற்குப் பிறகு தண்ணீர் என்ன ஆகிறது என்று நான் யோசித்ததே இல்லை. 2016-இல் நாங்களும் ஒரு சின்ன அறையை முன்பக்கம் இழுத்துக் கட்டினோம், துணி துவைக்கும் கல்லோடு. பாட்டியிடம் போய், "கொஞ்ச நாள் சத்தமும் தூசியுமா இருக்கும் பாட்டி" என்றுதான் சொன்னேன். இதே வார்த்தை.

அண்ணன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் பேச்சு நடந்தது, அதில் இரண்டு வாரம் அக்கா என்னோடு பேசவில்லை. இரண்டு அறை ஒன்றானது. விளிம்பிலிருந்து 3 அடி தள்ளி என்றிருந்தது 8 அடி ஆனது. கொய்யா மரம் தப்பியது. கக்கூசுக்கு அடிமூடிய தொட்டி, நிறைந்தால் லாரி வைத்து எடுப்பது. குளிக்கிற, துவைக்கிற தண்ணீரைக் குழாயில் படிக்கட்டு ஓரக் கால்வாய்க்குக் கொண்டுபோவது. அந்தக் கால்வாய் கடைசியில் எங்கே போகிறது என்று கேட்காதீர்கள், ஓடைக்குத்தான். பழைய ரிங் குழியை மூடச் செலவில் பாதி நாங்கள் கொடுத்தோம். வானம் தோண்டுகிற வேலையைச் சித்திரைக்குள் முடித்து, தோண்டிய மண்ணை விளிம்பில் கொட்டாமல் மூட்டையில் கட்டி மேலே ரோட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று மேஸ்திரியிடம் அண்ணனே சொன்னார். கூலி கூடுதல். அதை என்னிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார், நியாயம்தான்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு கீழே பாட்டி வீட்டுக்குப் போனேன்.

பாட்டிக்கு 78 வயது. அவரும் சிலோன்காரர், அப்புத்தளைப் பக்கம். தனியாகத்தான் இருக்கிறார். பின்பக்கம் பார்க்கலாமா என்றதும், "அங்கெ என்னா புள்ள இருக்கு, கோழிக்கூடுதான்" என்றார். கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த சுவரில் டம்ளரை வைக்க இடமே இல்லை. ஒரு ஓட்டை கூட இல்லாமல் வழவழவென்று பூசியிருந்தார்கள். நடுவில், என் இடுப்பு உயரத்தில், நிறைமாதக்காரி வயிறு மாதிரி சுவர் முன்னால் தள்ளியிருந்தது. அதற்கு முட்டாக ஒரு பழைய சவுக்குக் கட்டை. கட்டையின் அடியில் மண் நைந்து போயிருந்தது.

"இது எப்பருந்து பாட்டி?"

"ஆச்சு, நீங்க ரூம்பு கட்டுனதுக்கு அடுத்த மழையில."

"ஏன் சொல்லல?"

பாட்டி கோழிக்கூட்டுக் கொண்டியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "மேல இருக்கிறவங்க கிட்ட என்னத்த சொல்றது" என்றார்.

அடுத்த வாரம் எங்கள் பழைய மேஸ்திரியைக் கூட்டிவந்தோம். சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வயிறு தள்ளிய இடத்தைத் தொட வேண்டாம், ஓரத்திலிருந்து, அடியிலிருந்து ஆரம்பிப்போம் என்றார். பாட்டியையும் கோழிகளையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆரம்பித்தார்கள். வலது மூலையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ட்ரில் ஏறியது. முதலில் வெள்ளைத் தூள், பிறகு செம்மண் ஈரம், பிறகு பிட் சட்டென்று உள்ளே வாங்கியது. மேஸ்திரி அதை உருவிவிட்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். பென்சில் கனத்துக்குக் கருப்பாகத் தண்ணீர் பீய்ச்சி எதிர்ச்சுவரில் அடித்தது. முட்டைக்கோஸ் அழுகிய நாற்றம். என் வீட்டுப் பாத்திரம் கழுவிய தண்ணீர்தான், ஒன்பது வருஷத்தது.

பாட்டி அனுப்பிய இடத்தில் இருக்கவில்லை. எங்கள் சேம்புச் செடி ஓரமாக நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கவில்லை; பீய்ச்சுவது மட்டும் குறைந்து சுவரோடு வழிய ஆரம்பித்தது. மேஸ்திரி அடுத்த ஓட்டைக்குச் சாக்பீஸால் குறி போட்டார். "தள்ளி நில்லுங்கம்மா" என்று மேலே பார்த்துச் சத்தம் போட்டார்.